ஸ்பெல்லோவின் பூப்பாதை

இத்தாலி தேசத்துக்குப் போகிறவர்கள் ரோமாபுரியையும் வெனிஸ் நகரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். நாங்களும் அப்படித்தான் திரும்பியிருப்போம். நாங்கள் என்றால் இரண்டு பேர்: ஒருவர் பள்ளிக்கூட உபாத்தியாயர், மற்றவர் அவருடைய தர்மபத்தினி. பிரான்ஸிஸ் முனிவர் பிறந்த அஸிஸி நகரில் தங்கியிருந்தபோது, விடுதிக்கார அம்மாள் தமக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், "இன்று ஸ்பெல்லோவுக்குப் போகாவிட்டால் நீங்கள் இத்தாலிக்கு வந்ததாகவே கணக்கில்லை" என்று கண்டித்துச் சொன்னார். ஆகவே அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்புவதென்று தீர்மானித்து ரயிலேறினோம். அந்த ஒரு மணி நேரம் மறுநாள் நடுப்பகலில்தான் முடிந்தது!

ஸ்பெல்லோ, உம்பிரியா மாகாணத்தில் ஸுபாஸியோ மலையின் தெற்குச் சரிவில் இருக்கும் சிற்றூர். மலையின் உயரம் 1,290 மீட்டர். ரயிலிலிருந்து பார்த்தால், ஒலிவ மரங்களின் வெளிறிய பச்சைக்கு மேலே, இளஞ்சிவப்புக் கல்லால் கட்டிய வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. ரோமானியர் காலத்துக் கோட்டை வாசலின் மேல் மூன்று கற்சிலைகள் இன்னும் ஊருக்குள் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. வாசலைத் தாண்டினால் வீதிகள் குறுகிக்கொண்டே மேலேறும். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் சன்னல் வழியாக உப்புக் கடன் வாங்கலாம் போலத் தோன்றும்.

கத்தோலிக்கர்கள் கொண்டாடும் தேவநற்கருணைத் திருநாளே அவ்வூரின் பெரிய உற்சவம். 1264-ம் வருஷத்தில் நான்காம் உர்பன் என்ற பாப்பரசர், அதே உம்பிரியாவிலுள்ள ஓர்வியேத்தோ நகரிலிருந்து கட்டளையிட்டு இத்திருநாளைத் திருச்சபை முழுவதற்கும் பொதுவாக்கினார். பூக்களால் தரையில் சித்திரம் எழுதும் வழக்கம் பிற்காலத்தது. 1625-ம் வருஷம் ஜூன் 29-ந் தேதி, இராயப்பர் சின்னப்பர் திருநாளன்று, வத்திகானின் அலங்கார இலாகாவைச் சேர்ந்த பெனெதெத்தோ த்ரேயி என்பவர் இராயப்பர் பேராலயத்தில் இதழ்களைப் பரப்பிச் சித்திரம் செய்தார். ரோமாபுரியை அடுத்த ஜென்ஸானோவில் 1778 முதல் அது ஊர் வழக்கமாயிற்று. ஸ்பெல்லோவில் முதலில் ஊர்வலப் பாதையில் பூவும் தழையும் தூவுவதோடு சரி. சித்திரங்கள் பிறகு வந்தன. இப்போது ஈஸ்டருக்குப் பின்வரும் ஒன்பதாவது ஞாயிற்றுக்கிழமை விடியுமுன், சுமார் ஒரு மைல் நீளத்துக்கு ஊர் வீதிகள் பூக்கம்பளமாகிவிடுகின்றன.

இதற்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. சாயம் கூடாது, செடி கொடிகள் கொடுக்கும் நிறத்தைத்தான் உபயோகிக்கலாம். ஆகையால் வசந்தம் பிறந்ததுமே ஊரார் மலையையும் வயல்களையும் தேடிப் புறப்படுகிறார்கள். மஞ்சளுக்கு ஜினெஸ்ட்ரா மலர், சிவப்புக்குப் பாப்பி, நீலத்துக்குத் தானிய வயல்களில் பூக்கும் ஒரு சிறு மலர், பச்சைக்குக் காட்டுச் சோம்பின் தழை. சிலவற்றை நிழலில் உலர்த்திச் சேமிக்கிறார்கள். பறித்து வந்த பூவை இதழ் இதழாகப் பிரித்து நிறவாரியாக வைப்பது பெரும்பாலும் வயதான ஸ்திரீகளின் வேலை.

அந்த வேலையில்தான் நாங்கள் அகப்பட்டுக்கொண்டோம். ஒரு வீட்டு வாசலில் நின்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்த பாட்டி ஒருத்தி ஏதோ சொன்னாள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறு நிமிஷம் எங்கள் மடியில் ஆளுக்கொரு கூடை இருந்தது! இதழைக் கிள்ள ஆரம்பித்தோம். தர்மபத்தினியின் கை சுறுசுறுப்பைப் பாட்டி மெச்சினாள். உபாத்தியாயரோ இருவகை மஞ்சளை ஒன்றாகக் கலந்துவிட்டார். பாட்டி தலையில் அடித்துக்கொண்டாள். கூடை உடனே பறிமுதலாயிற்று. வெளியே தரையில் வரைந்திருந்த கோடுகளுக்குள் வாலிபர்கள் முழங்காலிட்டு இதழ்களைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு வீதிகளில் சுமார் 60 சித்திரங்களும் கம்பளங்களும் இப்படி உருவாயின. கடைசி ரயிலைப் பற்றி எங்கள் இருவரில் எவரும் பேசவில்லை.

விடியற்காலையில் காற்றுக் கிளம்பியது. சித்திரங்களுக்கு மேல் கட்டியிருந்த திரைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. எங்கள் பாட்டியின் பேரன், பன்னிரண்டு வயதிருக்கலாம், தான் நிரப்பிய ஒரு புறாவின் இறக்கையருகே குப்புறப் படுத்துத் தன் உடம்பையே சுவராக்கிக்கொண்டான். திரையின் ஒரு முனையை நாங்களும் பிடித்துக்கொண்டோம். அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. காற்று அடங்கியபோது இறக்கையின் ஓரம் மட்டும் கலைந்திருந்தது. பையன் எழுந்து, ஒரு பிடி வெள்ளை இதழை எடுத்து, முதலிலிருந்து தொடங்கினான்.

காலையில் திரைகளை அவிழ்த்தார்கள். வெயில் பட்டதும் வீதி முழுவதும் ஒளிர்ந்தது. பரிசுக்குரியதைத் தேர்ந்தெடுப்பவர்கள் வந்து பார்த்துப் போனார்கள். பிறகு மணி ஒலித்தது. மேற்றிராணியார், கதிர்கள் விரிந்த பொற்பாத்திரத்தில் நற்கருணையை ஏந்திக்கொண்டு, அந்தப் பூக்களின் மேலேயே நடந்து வந்தார். பின்னால் ஊர் முழுவதும் வந்தது. புறாவின் இறக்கை சில நிமிஷங்களில் மறைந்துவிட்டது.

எங்களில் உபாத்தியாயருக்கு ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வந்தது. பல வருஷங்களுக்கு முன், வகுப்பில் ஒரு பையன் உணவு வேளையெல்லாம் செலவிட்டுக் கரும்பலகையில் தேசப்படம் ஒன்று வரைந்திருந்தான். அடுத்த பாடத்துக்கு மணியடித்ததும் உபாத்தியாயர் அதை ஏறிட்டும் பாராமல் துடைத்துவிட்டார். பையன் கண் கலங்கினான். "அழிப்பதற்குத்தானே கரும்பலகை?" என்று அவனுக்குச் சமாதானம் சொன்னோம். சொன்னது பொய்யல்ல. ஆனால் ஸ்பெல்லோவில், அழியப்போகும் சித்திரத்தை அழியுமுன் ஊரே நின்று பார்த்தது. இன்ன மூலை இன்னாருடையது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டது. அந்தப் பையனுக்கு நாங்கள் அந்த இரண்டு நிமிஷத்தைக் கொடுக்கவில்லை.

பாட்டியின் பேரன் அழுவான் என்று எதிர்பார்த்தோம். அவனோ துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, மற்றச் சிறுவர்களோடு சேர்ந்து, சிதைந்த இதழ்களைப் பெருக்கிக் குவித்தான். அதற்குள் பெரியவர்கள் அடுத்த வருஷம் என்ன சித்திரம் என்று உரக்கத் தர்க்கம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டி எங்களை விடைகொடுத்து அனுப்பும்போது, தர்மபத்தினியின் கையில் ஒரு பிடி உலர்ந்த மஞ்சள் இதழைத் திணித்தாள். உபாத்தியாயரைப் பார்த்துச் சிரித்து விரலை ஆட்டினாள். இந்த முறை கலக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம் செய்துகொண்டோம்.

ஊர் திரும்பி வகுப்புக்குப் போன முதல் நாள், கரும்பலகையில் யாரோ ஒரு சிறுமி பூச்செடி ஒன்று எழுதியிருந்தாள். பாடம் இரண்டு நிமிஷம் தாமதமாகவே ஆரம்பமாயிற்று.