நரைக்கு ஏற்ற கண்ணாடி

 

தலைப்பைப் பார்த்ததும், "மௌலவி ஒருவருக்கு எழுத வேறு விஷயமே கிடைக்கவில்லையா?" என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். முடியின் நிறத்துக்கு ஏற்ற மூக்குக் கண்ணாடி எது, முகத்துக்கு ஏற்ற முடிவெட்டு எது என்பதெல்லாம் சலூனில் பேசுகின்ற பேச்சு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் என் மூக்கின் மீது கண்ணாடி ஏறிய பிறகு நடந்தவை என் எண்ணத்தை மாற்றிவிட்டன. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். உங்கள் வீட்டிலும் இதில் ஒரு பங்கு இருக்கலாம்.

அப்போது எனக்கு வயது 42. குடியிருப்பது கொட்டாஞ்சேனை, மாலை நேரத்தில் ஓதிக் கொடுப்பது வெள்ளவத்தையில். ஒருநாள் பாடம் நடந்துகொண்டிருந்தபோது கிதாபின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த விளக்கவுரையை வாசிக்க முனைந்தேன். எழுத்துக்கள் எறும்புக் கூட்டம் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கிதாபைச் சற்றுத் தள்ளிப் பிடித்தேன். இன்னும் தள்ளினேன். முன்வரிசையில் இருந்த ஒரு பொடியன் மிகவும் மரியாதையாகக் கேட்டான்: "மௌலவி, நான் அந்தச் சுவரடியில் நின்று பிடிக்கட்டுமா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது.

இதற்கு நம் முன்னோர் வைத்த பெயர் 'வெள்ளெழுத்து'. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயது ஏற ஏற நெகிழும் தன்மையை இழக்கிறது. அதனால் கிட்ட இருப்பதைப் பார்க்கும்போது அது வளைந்து கொடுப்பதில்லை. ஏறக்குறைய நாற்பது வயதில் தொடங்கும் இது நோயல்ல. நரையைப் போலவே எல்லோருக்கும் வருவது. உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட பார்வை பற்றிய அறிக்கையின்படி, இந்த வெள்ளெழுத்து இருந்தும் உரிய கண்ணாடி இல்லாமல் இருப்போர் மட்டும் 82 கோடியே 60 இலட்சம் பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தடையாக இருப்பது வறுமையும் வசதியின்மையும். எனக்கோ அவை தடையாக இருக்கவில்லை. வெட்கம்தான் தடை. ஒரு வருடம் அப்படியே சமாளித்தேன்.

கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். பரிசோதனை முடிந்ததும் பிரேம் தெரிவுசெய்ய உட்கார்ந்தேன். கடைக்கார ஐயா வயதானவர். என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மௌலவி, குறை நினைக்க வேண்டாம். முதலில் உங்கட தாடி என்ன நிறம் என்று முடிவு செய்யுங்கோ. பிறகு பிரேம் எடுப்பம்."

நான் தலைகுனிந்தேன். ஏனெனில் என் தாடி அன்று இரண்டு நிறத்தில் இருந்தது. நுனியெல்லாம் கன்னங்கறுப்பு, அடியில் அரை விரல் அளவுக்கு வெள்ளை. ஆம், வாசகர்களே! இரண்டு வருடங்களாக நான் தாடிக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். மக்கா வெற்றியின் போது, ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில், அபூபக்ர் (ரழி) அவர்களின் தந்தை அபூ குஹாஃபா தும்பைப் பூப்போல வெளுத்த தலையோடும் தாடியோடும் கொண்டுவரப்பட்டார்கள். அந்த நரையை மாற்றும்படியும், கறுப்பைத் தவிர்க்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் கறுப்புச் சாயம் ஹராம் என்றே முடிவு கூறியுள்ளார்கள். மக்ரூஹ் என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. இதையெல்லாம் ஓதிக் கொடுப்பவன் நான். அந்த ஹதீஸ் வரும் பக்கத்தை மட்டும் வேகமாகத் தாண்டிப் போவேன்.

அன்று கடையில் வீம்பாகத் தடித்த கறுப்பு பிரேம் ஒன்றை எடுத்தேன். "தாடி கறுப்புத்தான்" என்றேன். ஐயா ஒன்றும் பேசவில்லை. அன்றிரவே தாடியின் அடிக்கும் சாயம் பூசினேன். வீட்டில் மனைவி பார்த்துவிட்டு, "கண்ணாடி மட்டும்தான் உள்ளே வருகிறது. மனுஷனைக் காணவில்லையே" என்றாள்.

இந்த நிலையில்தான் வகுப்புக்கு ஒரு தாய் வந்தார். அவருடைய மகள் எங்கள் பெண்கள் வகுப்பில் ஓதியவள், வயது 22. சிறு வயதிலிருந்தே அவளுக்குக் குறும்பார்வை. கண்ணாடியின் அளவு மைனஸ் 4. மைனஸ் 4 என்றால் கண்ணாடி இல்லாதபோது 25 சென்ரிமீற்றருக்கு அப்பால் உள்ள எதுவும் தெளிவாகத் தெரியாது. அதாவது ஏறக்குறைய ஒரு சாண் தூரம்! ஒருமுறை கண்ணாடி உடைந்திருந்த நாளில், காலி வீதியில் 155ஆம் இலக்க மட்டக்குளி பஸ் என்று நினைத்து 154இல் ஏறிவிட்டாள். பொரளைக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்து அழுதாளாம்.

"மௌலவி, ஞாயிற்றுக்கிழமை இவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அந்த ஒரு மணித்தியாலம் கண்ணாடியைக் கழற்றி வை என்றால் கேட்கிறாள் இல்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார் தாய்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் சொன்னது இதுதான்: "மகள், உம்மா உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார். ஒரு மணித்தியாலம்தானே!" கறுத்த தாடியைத் தடவிக்கொண்டே சொன்னேன்.

அடுத்த வாரம் தாயும் மகளும் மீண்டும் வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடித்துவிட்டது. மகள்தான் பதில் சொல்கிறாள் இல்லை என்று தாய் முறையிட்டார். "ஏன் மகள், மாப்பிள்ளையைப் பார்த்தீர்கள்தானே?" என்று கேட்டேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "பார்த்தேன் மௌலவி. ஆனால் காணவில்லை. கதிரையில் ஒரு வெள்ளைச் சேட் இருந்தது. அதற்கு மேலே முகம் எப்படி என்று எனக்குத் தெரியாது."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. பெண் பேசிய முகீரா இப்னு ஷுஃபா (ரழி) அவர்களிடம், அப்பெண்ணைப் போய்ப் பார்க்குமாறும், இருவருக்குமிடையில் அன்பு நிலைக்க அது உதவும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். ஆணுக்குப் பெண்ணைப் பார்ப்பது போலவே பெண்ணுக்கும் ஆணைப் பார்ப்பது ஸுன்னத் என்று நம் பிக்ஹு நூல்கள் சொல்கின்றன. அந்த உரிமையை அவளுடைய முகத்திலிருந்து கழற்றி மேசை லாச்சிக்குள் வைக்கச் சொன்னவன் நான். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தைக் கண்டுபிடித்து, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்களின் உம்மத்தினர் நாம். அவளுடைய கண்ணாடியும் என் தாடியின் நரையும் நாம் மறைத்து வைத்த ஈரம் அல்லவா?

"நான் சொன்னது பிழை. அவர்களை இன்னொரு முறை வரச் சொல்லுங்கள். மகள் கண்ணாடியோடு இருக்கட்டும்" என்றேன். வந்தார்கள். பார்த்தார்கள். அதன் பின் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. தாய்க்கு என் மீது வருத்தம், அது நியாயமானதும்கூட. முதல் நாளிலேயே நான் உண்மையைச் சொல்லியிருந்தால், நம்பிக்கை ஏற்பட்ட பிறகு உடைந்திருக்காது. மகளோ, "பரவாயில்லை மௌலவி, இந்த முறை கண்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றோடு சாயத்தை விட்டேன். சரியாகச் சொன்னால், அதே மாதத்தில் சாயமும் என்னை விட்டது. கன்னமெல்லாம் சிவந்து வீங்கி, டொக்டரிடம் போக வேண்டியதாயிற்று. கறுப்புச் சாயங்கள் பலவற்றில் பீபீடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஓர் இரசாயனம் இருக்கிறது. அது சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. பல தடவை பூசிய பிறகு திடீரென்றும் ஒவ்வாமை வரலாம். கறுப்பு மருதோன்றி என்ற பெயரில் விற்பவற்றிலும் இதைக் கலப்பது உண்டு. பூசுவோர் 48 மணித்தியாலங்களுக்கு முன்னர் சிறு இடத்தில் தடவிப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார்.

வெள்ளைத் தாடியோடு மீண்டும் கடைக்குப் போனேன். ஐயா என்னைக் கண்டதும் சிரித்தார். "இப்ப முடிவு செய்துவிட்டீர்கள் போல" என்று சொல்லி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அன்று நான் கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் மூக்குக் கண்ணாடிகள் இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றின. அவை எம்மைப் போன்ற வெள்ளெழுத்துக்காரருக்கு உரியவை. அதற்கு ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்னரே, பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பொருட்களிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதாலேயே பார்வை உண்டாகிறது என்று 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் விளக்கியிருந்தார். அந்தக் காலக் கண்ணாடிக்குக் காது வரை நீளும் கம்பிகள் இல்லை. மூக்கில் கவ்விக்கொண்டு நிற்கும். கம்பிகள் வந்தது 18ஆம் நூற்றாண்டில். அன்றிலிருந்துதான் கண்ணாடி தலைமுடியோடு உரசத் தொடங்கியது.

கறுத்த அடர்ந்த முடிக்குக் கறுப்பு பிரேம் பொருந்தும். அதே பிரேம் வெள்ளை முடியில் சுவரில் இட்ட கரிக்கோடு போலத் தனியாகத் தெரியும். நரைக்கு வெள்ளி நிறக் கம்பியோ, மெல்லிய சாம்பல் நிறமோ அழகு. மருதோன்றி இட்ட தாடிக்கு மண்ணிறம், ஆமையோட்டு நிறம், தங்க நிறம் ஒத்துப்போகும். வட்ட முகத்துக்குக் கோணமுள்ள பிரேம். சதுர முகத்துக்கு வளைந்த பிரேம். முடி வெட்டிய பிறகே பிரேம் தெரிவுசெய்யுங்கள். தொப்பி அணிபவர் தொப்பியோடும், ஸ்காப் அணிபவர் ஸ்காப்போடும் போட்டுப் பாருங்கள். காதோரம் வெட்டுவதற்கு முன்னர் சலூன்காரரிடம் கண்ணாடியை ஒருமுறை மாட்டிக் காட்டுங்கள். கம்பி எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரியட்டும். தலையின் ஒரு பகுதியைச் சிரைத்து மறுபகுதியை விடும் 'கஸஃ' முறை ஹதீஸில் தடுக்கப்பட்டது என்பதையும் நம் இளைஞர்கள் மறக்க வேண்டாம்.

இன்னொன்று, ஐயாவுக்குத் தெரியாதது, எனக்குத் தெரிந்தது. பெரிய தடித்த பிரேம் ஸுஜூதில் தரையில் முட்டும். நெற்றி தரையில் படாமல் போனால் தொழுகைக்கே கேடு. நெற்றி தாராளமாகப் படக்கூடிய சிறிய பிரேமை எடுங்கள். இல்லையேல் கழற்றி வைத்துத் தொழுங்கள்.

"முடியை மூடும் பெண்கள் எந்த நிறத்துக்குப் பொருத்துவது?" என்று சகோதரிகள் கேட்கலாம். புருவம் இருக்கிறதே! புருவத்தின் நிறத்தை ஒட்டிய பிரேம் எந்த ஸ்காப்புக்கும் பொருந்தும். பிரேமின் மேல் விளிம்பு புருவத்தின் போக்கில் போனால் முகம் தெளிவாகத் தெரியும். கம்பி மெல்லியதாகவும் நேராகவும் இருந்தால் ஸ்காப்புக்கு மேலாகவே செருகலாம். காதின் பின்புறம் வலிக்காது.

பார்த்தீர்களா, இவ்வளவும் அழகு பற்றிய பேச்சுத்தான். அல்லாஹ் அழகன், அழகை விரும்புகிறான் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்களே நமக்குச் சொல்லித் தந்தார்கள். முடி உள்ளவர் அதைப் பேண வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆகவே பொருத்தமான கண்ணாடியைத் தேடுவதில் வெட்கமில்லை. உள்ள முகத்துக்குக் கண்ணாடியைப் பொருத்துங்கள். கண்ணாடிக்காக இல்லாத முகம் ஒன்றை உண்டாக்காதீர்கள்.

இன்று என் தாடி வெள்ளை. பெருநாளைக்கு மட்டும் மகள் மருதோன்றி அரைத்துத் தருவாள். கண்ணாடி மெல்லிய வெள்ளிக் கம்பி. ஓரத்துப் பொடி எழுத்தையும் வாசிக்கிறேன். அபூ குஹாஃபாவின் ஹதீஸ் வரும் பக்கத்தில் நின்று நிதானமாக ஓதிக் கொடுக்கிறேன்.

அந்தப் பெண் இப்போது ஒரு பாலர் பாடசாலையில் ஆசிரியை. கரும்பலகையை எட்டி எட்டிப் பார்க்கும் பிள்ளை யார் என்று முதலில் கண்டுபிடிப்பவள் அவள்தானாம். பிள்ளையின் பெற்றோரை அழைத்துக் கண் பரிசோதனைக்கு அனுப்புகிறாள். சில தாய்மார், "பொம்பிளைப் பிள்ளைக்குக் கண்ணாடியா?" என்று தயங்குகிறார்களாம். தன் கண்ணாடியைக் கழற்றி அவர்கள் கையில் கொடுத்து, "இதோ, இப்போது உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை" என்று சொல்வாளாம்.

வாசகர்களே! உங்கள் வீட்டில் கிதாபை, பத்திரிகையை, ஊசித் துவாரத்தைத் தள்ளிப் பிடிக்கும் ஒருவர் இருக்கலாம். விருந்தாளி வந்தால் கண்ணாடியை ஒளிக்கும் ஒரு மகளும் இருக்கலாம். இந்த மாதமே அவர்களை அழைத்துப் போங்கள். பிரேம் தெரிவுசெய்யும்போது கூட இருந்து, "இது உங்களுக்கு அழகாக இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவரின் பார்வையையும் காத்தருள்வானாக!