விளக்கில் எண்ணெய் வார்ப்போம்

மறைக்கல்வி வகுப்பில் பத்துத் தோழியர் உவமையைக் கேளாதவர் நம்மில் யார்? மணமகன் வரும் வேளையில் எண்ணெயின்றித் தவித்த ஐவரை எண்ணி நாங்களும் நகைத்ததுண்டு. அந்த ஐவர் நாங்களேதான் என்று அரையாண்டு விடுமுறையில் உணர்ந்தோம்.

திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடையே வாழும் எங்களுக்குத் தொழிற்சாலைப் பேருந்துகளே கடிகாரம். "நான் வண்டிக்குத் திருகு முடுக்குகிறேன், நீ வண்டியை வரைகிற படிப்புப் படி அம்மா" என்பார் எங்களுள் ஒருத்தியின் அப்பா. அதற்குப் பதினோராம் வகுப்பில் கணிதப் பிரிவு வேண்டும். அவளோ, "எனக்குக் கணக்கு வேண்டாமடி" என்று கண்ணீர் விட்டாள். காரணம் உண்டு. பத்தாம் வகுப்பில் 94 வாங்கிய எங்கள் தெரு அக்கா, பதினொன்றின் காலாண்டுத் தேர்வில் 31 வாங்கி அழுததை நாங்கள் கண்டிருக்கிறோம்.

அந்த அக்காவிடமே பாடநூலை இரவல் வாங்கினோம். கும்பகோணத்தில் பள்ளிச் சிறுவராயிருந்தபோதே கணித மேதை இராமானுஜன், லோனி எழுதிய முக்கோணவியல் நூலை இரவல் பெற்றுத் தாமே கற்றாராம். நாங்கள் இராமானுஜன் அல்லோம். ஆயினும் இரவல் வாங்கலாமே!

கணங்களையும் சார்புகளையும் ஒருவாறு கடந்தோம். அடிப்படை இயற்கணிதத்தில் இடறினோம். ஓர் எண்ணின் −2 மடங்கு 6-ஐ விடச் சிறியது எனில் அவ்வெண் எது? −3-ஐ விடச் சிறியது என ஐவரும் எழுதினோம். "0-ஐப் போட்டுப் பாருங்கள்" என்றார் அக்கா. 0-இன் −2 மடங்கு 0. அது 6-ஐ விடச் சிறியதுதான். ஆனால் எங்கள் விடைக்குள் 0 இல்லையே! குறை எண்ணால் வகுத்தால் அசமன்பாட்டின் குறி திரும்பும் என்பதை மறந்திருந்தோம். −3-ஐ விடப் பெரியது என்பதே சரியான விடை.

முக்கோணவியலிலும் அதே கதைதான். சைன் 30°-இன் இருமடங்கு சைன் 60° என்று நம்பினோம். முன்னது 1, பின்னதோ ஏறத்தாழ 0.866. அட்டவணையை மனப்பாடம் செய்திருந்தோமே தவிர, பொருளை அறியவில்லை. "நானும் இப்படித்தான் 94 வாங்கினேன்" என்றார் அக்கா மெல்ல.

அன்றே இரவல் நூலை மூடினோம். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு நூல்களைத் தூசி தட்டி எடுத்தோம். நாள்தோறும் ஒரு மணி நேரம் பின்னங்கள், குறிகள், காரணிப்படுத்தல் என்று பழகினோம். ஒவ்வொரு விடையையும் கணக்கில் திரும்பப் போட்டுச் சரிபார்த்தோம், 'ஏன்?' என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டோம். பின்னோக்கி நடப்பதாகத் தோன்றினாலும், முன்னே செல்லும் வழி அதுவே என்று கண்டோம். பொங்கல் கழிந்து மீண்டும் இரவல் நூலைத் திறந்தபோது, இடறிய பக்கம் எளிதாகவே இருந்தது.

முன்மதியுள்ள தோழியர் ஏன் எண்ணெயைப் பகிரவில்லை என்ற எங்கள் நெடுநாள் ஐயமும் தீர்ந்தது. தோழியின் நோட்டிலிருந்து விடையை வாங்கலாம். விளங்குதலை வாங்க முடியாது. கூடி அமரலாம், ஆனால் அவரவர் கையால்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்கு வேண்டாமென்று அழுதவள் இப்போது, "கணிதப் பிரிவுக்கே பெயர் கொடுப்பேன்" என்கிறாள். பதினொன்று எளிதாயிருக்கும் என்று நாங்கள் கூறவில்லை. விளக்கில் எண்ணெய் இருக்கிறது. இனி வருவது வரட்டும்!