அக்காளின் கன்னம்

காட்டுப்பள்ளிக் கரையில் முப்பது ஆண்டுகளாக மீன் கூடை சுமந்தவள் எம் அக்காள். மகளின் திருமணத்திற்கு ஒரு மாதம் இருக்கையில், "தம்பி, கன்னம் தொங்கிப்போச்சு, மிஷின் வெச்சா ஏறுமாமே?" என்றாள். திருவொற்றியூர்ப் பக்கத்து அழகு நிலையம் ஒன்றில் ஒரு தடவைக்கு 60,000 ரூபாய் கேட்டிருந்தனர். சீட்டுப் பணத்தை அதற்கென ஒதுக்கியும் விட்டாள். நாம் நகைத்தோம், அவள் நகைக்கவில்லை. அதற்காக இன்றும் வெட்குகிறோம்.

தோல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். தோலின் உள்ளடுக்கைத் தாங்கி நிற்பவை கொலாஜன் என்னும் புரத நார்கள். வயதோடு வெயிலின் புறஊதாக் கதிர்களும் சேர்ந்து அவற்றைச் சிதைக்கின்றன. கடற்கரையிலோ மணலும் நீரும் அக்கதிர்களைத் திருப்பி முகத்திலேயே வீசுகின்றன. கத்தியின்றித் தொய்வை நீக்க வந்த கருவிகள் பெரும்பாலும் ஒரே உபாயத்தையே கையாளுகின்றன: தோலுக்குள் சூடேற்றி, உடலையே புது நார் நெய்யச் செய்வது.

ரேடியோ அலைக் கருவி பரவலாகச் சூடேற்றும். குவித்த அல்ட்ராசவுண்டு 4.5 மில்லிமீட்டர் ஆழம் வரை புள்ளி புள்ளியாகச் சுடும், வலி கூடுதல். லேசர் மேற்பரப்புச் சுருக்கத்திற்கு உதவும். தொய்வுக்கு அத்துணை உதவாது. நம்மவரின் மாநிறத் தோலில் கருந்திட்டு விட்டுச் செல்லும் அபாயமும் உண்டு. ரேடியோ அலை நிறம் பார்ப்பதில்லை என்றார் மருத்துவர். மனிதரினும் மேல் என்று எண்ணிக்கொண்டோம்.

"பலன் எப்போ தெரியும், டாக்டர்?" என்றாள் அக்காள்.

"இரண்டு, மூன்று மாதம் ஆகும், அம்மா. அதுவும் ஓரளவுதான். இவ்வளவு தொய்வுக்குப் போதாது."

திருமணமோ அடுத்த மாதம்! அழகு நிலையத்தில் இதை ஒருவரும் சொல்லவில்லையாம்.

மருத்துவர் எழுதித் தந்தவை இரண்டு களிம்புகள். இரவில் பூச ட்ரெட்டினாயின். மாதக்கணக்கில் பூசினால் மெல்லிய சுருக்கம் குறையும், தொய்வு ஏறாது. தொடக்கத்தில் தோல் உரிந்து எரியும். கருவுற்ற பெண்கள் தொடலாகாது. பகலில் பூச வெயில் தடுப்புக் களிம்பு. ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்குட்பட்டோரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நான்கரை ஆண்டுகள் அதை நாள்தோறும் பூசுமாறு பணிக்கப்பட்டவர்களிடம் தோல் மூப்பு 24 விழுக்காடு குறைவாக இருந்ததாம். இதைக் கேட்டதும் அக்காள் மகளுக்கும் ஒன்று வாங்கினாள்.

சீட்டுப் பணம் பீரோவாயிற்று. திருமணம் முடிந்து மறுவாரம் கரைக்குச் சென்றோம். முகமெல்லாம் வெள்ளைப் பூச்சோடு நின்ற அவளை, "மாவு மில்லுக்குப் போய் வந்தாயா?" என்று மற்றப் பெண்கள் கேலி செய்துகொண்டிருந்தனர்.

"கன்னம் எப்படி, அக்கா?" என்றோம்.

"அது கிடக்கட்டும், தம்பி. இந்த வஞ்சிரத்தைப் பாரு."