ரெண்டு மார்க் சமன்பாடும் ஆச்சி வீட்டுச் சுவரும்

மக்கா, கால்சியம் கார்பனேட்டைச் சூடாக்கினா கால்சியம் ஆக்ஸைடும் கார்பன் டை ஆக்ஸைடும் வரும்னு எழுதி ரெண்டு மார்க் வாங்கியிருப்பீங்க. நம்ம குமரி மாவட்டத்துப் பழைய வீடுகளோட சுவர்ப்பூச்சு முழுக்க அந்த ரெண்டு மார்க்தான்.

கடற்கரைப் பக்கம் சுண்ணாம்புக்குப் பாறை தேட வேண்டாம், சிப்பியும் மட்டியும் போதும். பெரும்பாலான மட்டி ஓடுகளில் இருப்பது அரகோனைட் என்ற படிக வடிவம். சூளையில் சுமார் 400 டிகிரி செல்சியஸில் அது கால்சைட்டாக மாறும். ஃபார்முலா அதேதான், அணுக்கள் அடுக்கியிருக்கிற விதம் மட்டும் வேற. 900 டிகிரியை நெருங்கும்போதுதான் கார்பனேட்டே உடையும். சுத்தமான கார்பனேட் 100 கிலோ போட்டா 44 கிலோ வாயுவாகப் போயிடும், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதுல தண்ணி ஊத்தினா கொதிச்சுப் பொடியும். நீற்றுதல்னு சொல்றது இதைத்தான். மணல் சேர்த்துப் பூசின பிறகு, காற்றிலிருக்கிற கார்பன் டை ஆக்ஸைடை மெதுவா இழுத்து மறுபடியும் கால்சைட் ஆகும். இதுக்கு மாசக்கணக்கில், சில நேரம் வருஷக்கணக்கில் ஆகும்.

இப்படி இறுகின பூச்சில் நுண்ணிய துளைகள் இருக்கும். தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு பருவமழையும் வாங்குற மாவட்டம் நம்மது. சுவருக்குள்ள போன ஈரம் வெளியே வர அந்தத் துளைகள்தான் வழி. தக்கலைக்குப் பக்கத்துல பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனா, சுண்ணாம்புச் சுவர் எத்தனை மழையைத் தாங்கும்னு நேர்லயே பார்க்கலாம்.

இப்போ எங்க ஆச்சி வீட்டுப் பின்சுவர் உதிருது. கொத்திட்டு சிமெண்ட் பூசிடலாம், ரெண்டு நாள் வேலைன்னு கொத்தனார் சொல்றார். அப்பாவும் சரின்னுட்டார். நான்தான் வேண்டாம்னு நிக்கேன். சிமெண்ட் பூச்சு கெட்டி. ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கி, நாளடைவில் பழைய சுவரையும் அரிச்சு, பூச்சு பாளம்பாளமா விழும். ஆனா சுண்ணாம்பு வேலைக்கு நாளும் கூலியும் கூடும், தெரிஞ்ச ஆளும் குறைவு. அப்பா சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு சுவர் இருந்தா, முதல்ல ஈரம் எங்கேருந்து வருதுன்னு பாருங்க. ஓட்டு ஒழுக்கை அடைக்காம எந்தப் பூச்சும் நிக்காது. அப்புறம் ஊர்ல வயசானவங்ககிட்ட சுண்ணாம்பு தெரிஞ்ச கொத்தனார் இருக்காரான்னு விசாரிங்க. கிடைச்சா எனக்கும் சொல்லுங்க மக்கா, மழைக்கு முன்னாடி.