ஒட்டு

எட்டு மாதமாகியும் கால் எலும்பு கூடவில்லை. பாங்கில் சம்பளமில்லா விடுப்பு ஆரம்பித்துவிட்டது. இடுப்பிலிருந்து எடுத்து வைத்த எலும்பு எக்ஸ்-ரேயில் தனியாகவே கிடந்தது. மறுபடி அறுப்பதற்கு முன் அதிர்வலை கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். 1980இல் மியூனிக்கில் சிறுநீரகக் கல்லை உடைக்க மனிதர்மேல் முதன்முதலாகப் பிரயோகித்த அதே அலை. உடைப்பது எப்படிக் கூட்டும் என்று கேட்டேன். அடி விழுந்த இடத்தில் எலும்பின் செல்கள் தூண்டப்படுகின்றன, புது ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன என்றார். வைத்த எலும்பு அப்படியே நிலைப்பதில்லையாம். கட்டடத்துச் சாரம் மாதிரி. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய, அந்த இடத்தில் புதியது படிகிறது.

மரத்துப்போன காலில் வலி இல்லை. ஆணி அறைவதுபோல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பி.ஏ.யில் படித்த ஆங்கில விமர்சனத்தை என் கட்டுரைகளில் நான் வைத்ததும் ஒட்டுத்தான். இன்னும் கரையவில்லை. அதை வைத்துத்தான் நண்பரின் தொகுப்பை அடித்தேன். அடி எழுப்பும் என்று நம்பினேன். அலைக்கு அளவு பார்த்து வைக்க ஒரு டாக்டர் இருந்தார். நண்பர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில், இடைவெளியில் மங்கலாக ஒரு வெண்மை. ஊன்றுகோலோடு நண்பர் வீட்டுப் படியேறினேன். முதலில் காலைப் பார்த்தார். "உட்காருங்க" என்றார். கவிதை பற்றி இருவரும் பேசவில்லை.