ராகவர்த்தினியின் அண்டை வீட்டார்

"ராகவர்த்தினிக்கு வலது பக்கத்து வீட்டிலே யாரு?"

"மாயாமாளவகௌளை, அம்மாயி!"

"இடது பக்கம்?"

"பச்சைப் பூஜ்யம்!"

பனமரத்துப்பட்டியில் என் பெரியம்மா வீட்டு வாசற்படியில் கால் வைத்தபோது என் காதில் விழுந்த சம்பாஷணை இது. பெட்டியைக் கீழே வைக்காமலே நின்றுவிட்டேன். ராகத்துக்குப் பக்கத்து வீடு ஏது? பூஜ்யத்துக்குப் பச்சை நிறம் ஏது? எழுபத்தெட்டு வயதில் பெரியம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஒரு நிமிஷம் மனசு பதறியது உண்மை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து டவுன் பஸ் ஏறி இறங்கினால் ஒரு பக்கம் ஜருகுமலை; மறுபக்கம், ஒரு காலத்தில் சேலம் பட்டணத்துக்கே குடிதண்ணீர் கொடுத்த பெரிய ஏரி. நான் போனபோது அதில் தண்ணீரைவிடச் சீமைக் கருவேல முள்தான் அதிகமாகக் கண்ணில் பட்டது. வயல்களில் அரளிப் பூ. விடிவதற்கு முன்பே மொட்டுப் பறிக்கப் பெண்கள் கிளம்பிவிடுவார்கள். அந்த ஊரில் பாட்டு வாத்தியாரம்மா என்றால் பெரியம்மா ஒருத்திதான். பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் சங்கீதம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவள்.

நடுக்கூடத்தில் பெரிய கோலம் ஒன்று வட்டமாகக் கிடந்தது. அரிசி மாவில் முப்பத்தேழு வீடுகள். ஒரு வீடு விட்டு ஒரு வீடு செம்மண் காவி. நடுநடுவே இஸ்திரிப் பெட்டிக் கரி. உச்சியில் ஒரே ஒரு வீட்டில் வெற்றிலையைக் கசக்கிப் பச்சை பூசியிருந்தாள். எதிரே சப்பணம் கொட்டி உட்கார்ந்திருந்தான் அவளுடைய மகள் வயிற்றுப் பேரன்.

"சித்தி, இது ரூலெட் சக்கரம்" என்றான் என்னைப் பார்த்து. குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

விஷயம் இதுதான். பையன் கேட்டரிங் படித்துவிட்டு இரண்டு வருஷமாகச் சும்மா இருந்தான். கோவாவில் ஒரு சூதாட்டக் கூடத்தில் மேஜையை நடத்துகிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சிநேகிதன் சொல்ல, எழுதிப் போட்டுவிட்டான். அடுத்த திங்கட்கிழமை பரீட்சை. தமிழ்நாட்டில் இந்தப் பேச்சே கிடையாது; 1930-ஆம் வருஷத்துச் சட்டமே சூதாட்ட விடுதிக்குத் தடை. கோவாவிலோ 1976-ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பிற்பாடு திருத்தி அனுமதித்துவிட்டார்கள். பணஜியில் மாண்டவி ஆற்றின் மேலேயே கப்பல்களில் இரவு முழுவதும் சக்கரம் சுற்றுகிறது.

அந்தச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை எண்கள் உண்டு. ஆனால் வரிசையாக இராது. 0, 32, 15, 19, 4, 21 என்று தாறுமாறாகத் தாவும். ஓர் எண்ணைச் சொல்லி, "அதன் அண்டை வீடுகளோடு வை" என்று ஆட வந்தவர் காசை நீட்டினால், இரண்டு பக்கத்திலும் இரண்டிரண்டு எண்கள் எவை என்று யோசிக்காமல் கை போகவேண்டும். தயங்கினால் வேலை இல்லை. தவறிப்போனால் பணத்துக்குப் பதில் சொல்லவேண்டும்.

பையன் முதலில் பஸ் நம்பர், பக்கத்து வீட்டுக் கதவிலக்கம், கிரிக்கெட் ஸ்கோர் என்று எதையெதையோ முடிச்சுப் போட்டுப் பார்த்திருக்கிறான். பத்து எண் தாண்டினால் பஸ் தடம் மாறிவிடும். பாவம், திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாரம் உருப்போட்டான். அந்த ஒரு வாரமும் பெரியம்மா அவனோடு பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். பெரியப்பா சீட்டாடுவார். மாலையில் சேலத்துக்குப் போனால் கடைசி பஸ்ஸில்தான் திரும்புவார். அது போதாதென்று லாட்டரிச் சீட்டு வேறு. அரசாங்கமே 1968-இல் லாட்டரி ஆரம்பித்து, தமிழ்நாட்டில் 2003-இல்தான் அதற்குத் தடை வந்தது. அதற்குள் எத்தனை வீட்டு அண்டா குண்டா போயிற்றோ! பெரியம்மா வீட்டில் போனது வீணை. தஞ்சாவூர்ப் பலாமர வீணை. அவளுடைய தகப்பனார் கல்யாணத்துக்குக் கொடுத்தது. ஒரு தீபாவளிக்கு முதல் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது கூடத்து மூலை காலியாக இருந்ததாம். அவள் சண்டை போடவில்லை. அதன் பிறகு சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டாள். அந்த மூலையில் இன்று வரை வேறு சாமான் எதையும் வைத்ததில்லை.

"அப்புறம் எப்படிப் பெரியம்மா மனசு மாறிச்சு?" என்று கேட்டேன்.

"மனசு எங்கே கண்ணு மாறிச்சு? தப்புத் தப்பா உருப்போடறதைக் கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலே. முப்பத்தாறு எண்தானேடா, என்கிட்டே முப்பத்தாறு ராகம் இருக்குதேன்னு வாயிலே வந்துருச்சு" என்றாள்.

நேயர்களில் சங்கீதம் கற்றவர்களுக்கு இது இதற்குள் பிடிபட்டிருக்கும். மேளகர்த்தா ராகங்கள் எழுபத்திரண்டு. பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி 'சதுர்தண்டி பிரகாசிகை'யில் வகுத்துக் கொடுத்த கணக்கு. அவற்றில் முதல் முப்பத்தாறு சுத்த மத்யமம். ரூலெட் சக்கரத்திலும், பூஜ்யம் நீங்கலாக, சரியாக முப்பத்தாறு எண்கள்! பெயரிலேயே எண் ஒளிந்திருக்கிறது என்பது இன்னும் விசேஷம். 'கடபயாதி' என்று பெயர். க, ட, ப, ய என்ற நான்கு எழுத்தும் 1. அங்கிருந்து வடமொழி வரிசையில் எண்ணிக்கொண்டு போகவேண்டும். ஞ, ந இரண்டும் பூஜ்யம். ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கித் திருப்பிப் போட்டால் மேளத்தின் இலக்கம் வந்துவிடும். மாயாமாளவகௌளையில் 'ம' ஐந்து, 'ய' ஒன்று. 51-ஐத் திருப்பினால் 15. ராகவர்த்தினியில் 'ர' இரண்டு, 'க' மூன்று; திருப்பினால் 32.

ஆகவே 32, 15, 19, 4, 21 என்பது பெரியம்மா வாயில் ராகவர்த்தினி, மாயாமாளவகௌளை, ஜங்காரத்வனி, வனஸ்பதி, கீரவாணி ஆயிற்று. அதற்கு ஒரு கதையும் கட்டிவிட்டாள். ராகவர்த்தினி என்று ஒரு சிறு பெண் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடுகிறாள். வண்டு ஜங்காரம் செய்கிறது. வனத்திலிருந்து கிளி பதில் பேசுகிறது. கீரம் என்றால் கிளிதானே! அடுத்து அந்தக் கிளிக்கு ரத்தின மாலை போடுகிறார்கள், ரத்னாங்கி, 2. இப்படியே பத்து வரை வளர்ந்துகொண்டு போகிறது கதை. நம் நாட்டில் நினைவை வித்தையாகவே பழகியவர்கள் உண்டு. 1907-இல் சென்னை விக்டோரியா ஹாலில் சேகுத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்தார். பெரியம்மா அவ்வளவுக்குப் போகவில்லை. ஆனால் கோலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் கண்டுபிடித்த இன்னொன்றுதான் என்னை வாய் பிளக்க வைத்தது.

"இங்கே பாரு. பூஜ்யத்துக்கு வலது பாதியிலே சிவப்பெல்லாம் பெரிய எண், கறுப்பெல்லாம் சின்ன எண். இடது பாதியிலே தலைகீழ். சிவப்புச் சின்னது, கறுப்புப் பெரிசு. சின்னதுன்னா பதினெட்டு வரைக்கும். பதினெட்டு வரைக்கும் எல்லாமே சுத்த ரிஷபம்! பத்தொன்பதிலேருந்துதான் ரிஷபம் மேலே ஏறுது. ஒரு சின்ன ரி, ஒரு பெரிய ரி, மாத்தி மாத்திப் பாடிக்கிட்டே சுத்தி வந்துடலாம். அடியிலே நாடகப்ரியாவும் மானவதியும், பத்தும் அஞ்சும், அங்கே மட்டும் ரெண்டு சின்ன ரி சேர்ந்து நிக்கும். அதுதான் பாதிக் கிணறு தாண்டினதுக்கு அடையாளம்."

பையனின் கைப்பேசியில் இருந்த படத்தை வாங்கி ஒவ்வொரு வீடாகச் சரிபார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. இதை ஏற்படுத்திய மேல்நாட்டார் சுத்த ரிஷபத்தைக் கனவிலாவது கண்டிருப்பார்களா!

பையனுக்கு ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்கியது. தமிழில் எழுதி வைத்துக்கொண்டு படித்தான். தமிழில் 'க' ஒன்றுதான். கனகாங்கிக்கும் கானமூர்த்திக்கும் தொடக்கம் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகிறது. ஆனால் கானமூர்த்தியின் 'கா', கங்கையில் வருகிற முதலெழுத்து, வரிசையில் மூன்றாவது. கனகாங்கி 1, கானமூர்த்தி 3. சாருகேசிக்கும் சூலினிக்கும் நடுவே, 26-க்கும் 35-க்கும் நடுவே, நிற்கவேண்டியவர் கானமூர்த்தி. இவன் நாலு தடவையும் ஒன்று என்றே சொன்னான். பெரியம்மா பள்ளிக்கூடத்து ஞாபகத்தில் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பெரியம்மா மெதுவாகக் கேட்டாள். "எல்லா எண்ணும் எங்கே இருக்குதுன்னு மனப்பாடமாத் தெரிஞ்சவன் ஆடினா ஜெயிப்பானா?"

"மாட்டான் அம்மாயி. போன தடவை எது வந்துச்சுன்னு சக்கரத்துக்குத் தெரியாதில்ல? முப்பத்தேழு வீட்டிலேயும் ஒவ்வொரு ரூபா வெச்சான்னு வையி. ஏதாவது ஒண்ணு வந்துதானே ஆகணும்? வந்த வீட்டுக்கு முப்பத்தஞ்சு ரூபாயும், அவன் வெச்ச ஒரு ரூபாயும் தருவோம். முப்பத்தாறு. ஒரு ரூபா எங்களுக்கு நின்னுடும்."

"ஒவ்வொரு சுத்துக்குமா?"

"சராசரியாப் பார்த்தா ஒவ்வொரு சுத்துக்கும். அந்தப் பச்சை வீடு இருக்குதே, அதனாலே."

பெரியம்மா கோலத்தின் உச்சியில் காய்ந்துபோயிருந்த வெற்றிலைப் பச்சையைப் பார்த்தாள். "இதை உங்க தாத்தாவுக்கு யாராவது இப்படிக் கூட்டிக் கழிச்சுச் சொல்லியிருக்கலாம்" என்றாள். அப்புறம், "சொன்னாலும் கேட்டிருக்க மாட்டாரு" என்று அவளே சேர்த்துக்கொண்டாள்.

"முதல் சம்பளத்திலே உனக்கு வீணை வாங்கித் தரேன் அம்மாயி."

"அந்தக் காசிலே எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். பையன் முகம் சுண்டிப் போயிற்று. பால் தம்ளரோடு அவள் திரும்பி வருவதற்குள் நான்தான் ஏதேதோ பேசிச் சமாளித்தேன். தம்ளரை அவன் கையில் கொடுத்தவள், "நீ அங்கே ஒரு நாளும் ஆட உட்காரக்கூடாது" என்றாள்.

"நடத்தறவங்க ஆடக் கூடாது அம்மாயி. வேலை போயிடும்."

"வேலைக்காக இல்லே. எனக்காக."

அவன் தலையை ஆட்டினான்.

ஞாயிறு மாலை ரயிலுக்கு அவன் கிளம்பியதும் பெரியம்மா கோலத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். செம்மண் மட்டும் சுலபத்தில் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். பெரியம்மா ஹலோகூடச் சொல்லவில்லை.

"கானமூர்த்தி?"

"மூணு, அம்மாயி! அதையேதான் கேட்டாங்க. மூணுக்கு ரெண்டு பக்கமும் என்னன்னு. சாருகேசி, சூலினின்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. நல்ல வேளை, இருபத்தாறு, முப்பத்தஞ்சுன்னு சொல்லிட்டேன். எடுத்துக்கிட்டாங்க."

"சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனை என்னிடம் தள்ளினாள்.

மறுநாள் காலை நான் ஊருக்குக் கிளம்பியபோது, அரளி மொட்டு ஒரு பொட்டலமும் தேங்காயும் பையில் வைத்துக் கொடுத்தபடி, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"ஏன் கண்ணு, நீ பத்திரிகையிலே இருக்கிறவ. உனக்குத் தெரிஞ்சிருக்கும். தஞ்சாவூர் வீணை இப்போ என்ன விலை விக்குது?"