மணலில் ஒரு குட்டி புல்டோசர்

நம்மூரில் மண் அள்ளுகிற வண்டி எதைப் பார்த்தாலும் ‘ஜேசிபி’ என்போம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் நீளக் கை வைத்ததை ‘ஹிட்டாச்சி’ என்பார்கள். சக்கரத்துக்குப் பதிலாக இரும்புப் பட்டையில் ஓடினால் ‘செயின் வண்டி’. அந்தந்த கம்பெனிக்காரர்கள் கேட்டால் என்ன நினைப்பார்களோ! இந்தப் பெயர்க் குழப்பத்தில் தன் பெயரைக் காப்பாற்றிக் கொண்டது புல்டோசர் மட்டும்தான்.

அந்த புல்டோசரை வீட்டில், சின்னதாகச் செய்ய முடியுமா? முடியும். சொல்லப்போனால் பெரிய புல்டோசரே வீட்டுத் தயாரிப்பாகத்தான் ஆரம்பித்தது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் மோரோவில் என்று ஒரு சின்ன ஊர். 1923-ல் அங்கே ஜேம்ஸ் கம்மிங்ஸ் என்ற விவசாயியும் மெக்லியாட் என்ற வரைபடக்காரரும் சேர்ந்து, பழைய இரும்பு சாமான்களைக் கொண்டு ஒரு டிராக்டரின் முன்னால் இரும்புத் தகடு ஒன்றைப் பொருத்தினார்கள். எண்ணெய்க் குழாய் பதித்த பள்ளங்களைத் திரும்ப மூடுவதற்காக. 1925-ல் காப்புரிமையும் வாங்கினார்கள். முதல் புல்டோசர் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது ஆலந்தலை. மீனவர் ஊர். முன்னால் மன்னார் வளைகுடா, மேற்கே உள்ளே தள்ளிப் போனால் செம்மண் தேரி. எந்தப் பக்கம் போனாலும் மணல்தான். அங்கே ஒரு பாலிடெக்னிக் பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சின்ன வயதில் நுங்கு வண்டி ஓட்டியவன். இப்போது மெக்கானிக்கல் படிக்கிறான். செயின் வண்டி ஒன்றை ஒரு முழ நீளத்தில் செய்ய ஆசைப்படுகிறான். வலை பின்னிக்கொண்டிருக்கும் அப்பா நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: “ஏலே, இது நம்ம படகை இழுக்குமா?”

கேலியாகக் கேட்டதுதான். ஆனால் அந்த ஊரில் அதைவிட நல்ல கேள்வி கிடையாது. கடலிலிருந்து வந்த படகை மணலில் மேலேற்றுவது தினப்படி வேலை. பல கரைகளில் டிராக்டர் வந்துவிட்டது. வராத இடத்தில் ஆட்களின் தோள்தான். ஐம்பது வயதுக்கு மேல் அந்தத் தோளும் முதுகும் என்ன பாடுபடும் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

முதலில் வண்டியைச் செய்து முடிப்போம். படகுக்குப் பிறகு வரலாம்.

மோட்டாருக்கு அலைய வேண்டாம். பழைய காரில் கண்ணாடி துடைக்கிற வைப்பர் மோட்டார் இரண்டு போதும், ஒவ்வொரு பட்டைக்கும் ஒன்று. 12 வோல்ட். உள்ளேயே வார்ம் கியர் இருப்பதால் மெதுவாகவும் பலமாகவும் சுற்றும். நிமிடத்துக்கு 50 சுற்று என்று வைத்து, 10 செ.மீ. விட்டமுள்ள பல்சக்கரத்தைப் பூட்டினால் வண்டி நிமிடத்துக்குச் சுமார் 15 மீட்டர் நகரும். ஆமை வேகம்தான். புல்டோசருக்கு அது போதும். யுபிஎஸ்ஸில் வருகிற 7 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி ஒன்று. லேசான லித்தியம் பேட்டரி இருக்கும்போது கனமான லெட் ஆசிட் எதற்கு என்று கேட்பீர்கள். கனம்தான் இங்கே வேண்டும். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

ரிமோட் எல்லாம் வேண்டாம். பத்தடி ஒயர், முன்னும் பின்னும் போட இரண்டு சுவிட்ச். இடது பட்டையை நிறுத்தி வலதை ஓட்டினால் வண்டி இடது பக்கம் திரும்பும். ஸ்டியரிங் கிடையாது. ஆனால் திரும்பும்போது பட்டை முழுவதும் பக்கவாட்டில் மணலை உரசி இழுபடுகிறது. பட்டை தரையைத் தொடும் நீளம், இரண்டு பட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் திரும்ப மறுக்கும், அல்லது பட்டை கழன்று விழும். 40 செ.மீ. நீளத்துக்கு 30 செ.மீ. இடைவெளி சரியாக இருக்கும்.

பட்டைதான் தலைவலி. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது சைக்கிள் செயின். இரண்டு செயினை இணையாக வைத்து, குறுக்கே அலுமினியக் கோணத்துண்டுகளை வரிசையாகப் பூட்டினால் அச்சு அசல் பட்டை. சிமெண்டுத் தரையில் அழகாக ஓடும். கடற்கரைக்குக் கொண்டுபோனால் கதை வேறு. செயினில் எண்ணெய் போட்டால் மணல் வந்து ஒட்டி, எண்ணெயும் மணலும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி இணைப்புகளைத் தேய்க்கும். எண்ணெய் போடாவிட்டால் உப்புக்காற்று துருப்பிடிக்க வைக்கும். பெரிய புல்டோசர்காரர்களுக்கும் இதே கஷ்டம்தான். பராமரிப்புச் செலவில் கிட்டத்தட்ட பாதியை அடிப்பகுதி ஒன்றே விழுங்கிவிடும் என்பார்கள். அதற்காகவே பட்டையின் முள்ளுகளுக்குள் எண்ணெயை அடைத்து சீல் வைக்கிற முறை வந்தது. வீட்டில் அது முடியாத காரியம். அதனால் கனமான ரப்பர் பெல்ட்டை வெட்டி, அதன் மேல் துண்டுகளைப் பூட்டி, பல்சக்கரத்துக்கு ஓட்டை போட்டுக்கொள்வது நல்லது. ரப்பருக்கு எண்ணெய் வேண்டாம். அந்த ஓட்டை வழியாக மணலும் வெளியே கொட்டிவிடும். இல்லையென்றால் பல்லுக்கு இடையில் மணல் கெட்டித்துப் பட்டை இறுகிக்கொண்டே போய் மோட்டாரை நிறுத்திவிடும். முன் சக்கரத்தின் அச்சை நீள ஓட்டையில் வைத்துக்கொண்டால், சைக்கிளின் பின்சக்கரத்தை இழுத்து செயினை இறுக்குகிற மாதிரி பட்டையை இறுக்கலாம், தளர்த்தலாம்.

மோட்டார், பேட்டரி, சட்டம், முன் தகடு எல்லாம் சேர்த்து 8 கிலோ வந்தது என்று கொள்வோம். பட்டை ஒவ்வொன்றும் 6 செ.மீ. அகலம். தரையைத் தொடும் மொத்தப் பரப்பு 480 சதுர செ.மீ. அப்படியானால் சதுர செ.மீ.க்கு 17 கிராம்தான் பாரம். வெறுங்காலோடு நிற்கும் ஒரு ஆளுக்கு இது 150 கிராம் அளவில் இருக்கும். ஆவடியில் வடிவமைத்துக் கட்டப்பட்ட அர்ஜுன் டாங்கி 58 டன்னுக்கு மேல் எடை, ஆனால் சதுர செ.மீ.க்கு சுமார் 840 கிராம். சாதாரண கார் டயர் 2 கிலோ அளவுக்கு அழுத்தும். ஆக, கார் புதையும் மணலில் டாங்கி போகும். பட்டையின் ரகசியமே இதுதான். கலிபோர்னியாவில் பெஞ்சமின் ஹோல்ட் 1904-ல் தன் நீராவி டிராக்டரின் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பட்டையை மாட்டியதும், சக்கரங்கள் புதைகிற சதுப்பு வயலுக்காகத்தான்.

நம் குட்டி வண்டி புதையவே புதையாது. மனிதக் கால் தடத்தைவிட லேசான தடம் பதித்துக்கொண்டு போகும். பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள். :-)

சிக்கல் முன் தகட்டை இறக்கியதும் ஆரம்பிக்கிறது.

பையன் தகட்டை மணலில் இறக்கி சுவிட்சைப் போடுகிறான். மணல் கொஞ்சம் குவிகிறது. வண்டி நிற்கிறது. பட்டை மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிக் குழி பறிக்கிறது. உடனே தோன்றுவது, ‘மோட்டார் பத்தவில்லை, பெரிதாகப் போடுவோம்’. அங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். மோட்டாருக்குப் பலம் நிறைய மிச்சம் இருக்கிறது. பட்டைதான் சுற்றுகிறதே! இல்லாதது பிடிமானம்.

களிமண்ணில் பட்டையின் பரப்பு பெரிதானால் பிடிமானம் கூடும், ஏனென்றால் களிமண் தானே ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த மணல் ஒட்டாது. ஒரு மணல் பருக்கை இன்னொன்றை உரசுவது மட்டும்தான் அங்கே பிடிப்பு, அந்த உரசல் மேலே இருக்கும் எடையைப் பொறுத்தது. ரொம்ப நல்ல நிலைமையில் எடையில் பாதியளவுக்கு இழுவை கிடைக்கும். 8 கிலோ வண்டி 4 கிலோவுக்கு மேல் தள்ளாது, உள்ளே ராக்கெட் இன்ஜினையே வைத்தாலும்! போலந்தில் பிறந்த பெக்கர் என்ற பொறியாளர் இந்தக் கணக்குகளையே ஒரு தனித்துறையாக வளர்த்தார். 1971-ல் நிலாவில் ஓடிய காரின் சக்கர வடிவமைப்பிலும் அவர் பங்கு உண்டு. ஆலந்தலை மணலுக்கும் நிலா மண்ணுக்கும் ஒரே கணக்கு என்பது யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான்.

அளவைச் சுருக்கும்போது இது இன்னும் மோசமாகிறது. நீளம் பத்தில் ஒரு பங்கானால் பரப்பு நூறில் ஒரு பங்கு, எடை ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 டன் வண்டி 20 கிலோ ஆகிவிடும். அதனால்தான் லித்தியம் பேட்டரி வேண்டாம், கனமான பேட்டரியே இருக்கட்டும் என்றது.

தள்ளப்படுகிற மணலின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. தகடு இறங்கும் ஆழம் இரண்டு மடங்கானால் மணலின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 40 செ.மீ. அகலத் தகடு 2.5 செ.மீ. இறங்கினால் சுமார் 600 கிராம் எதிர்ப்பு. 5 செ.மீ. என்றால் 2.4 கிலோ. 10 செ.மீ. என்றால் ஏறக்குறைய 10 கிலோ. முன்னால் குவியும் மணலின் பாரம் தனி. எனவே குட்டி வண்டி ஒரு அங்குலம் ஒரு அங்குலமாகத்தான் சீவ வேண்டும். அனுபவமுள்ள புல்டோசர் ஓட்டுநரும் ஒரேயடியாகத் தகட்டை ஆழமாக இறக்க மாட்டார்.

சின்ன புல்டோசரால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். 1944 மார்ச் 5 இரவு, அசாமின் லாலாகாட்டிலிருந்து கிளைடர்களில் சின்ன புல்டோசர்களை ஏற்றிக்கொண்டு போய் பர்மா காட்டுக்குள் இறக்கினார்கள். கிளைடர் தாங்கும் எடை 2 டன்னுக்குள்தான் என்பதால் அவ்வளவு சின்ன வண்டிகள். மறுநாள் இரவுக்குள் விமானங்கள் இறங்க ஓடுதளம் தயார். அங்கேயும் மேல் மண்ணைச் சீவிச் சமப்படுத்தும் வேலைதான்.

இப்போது அப்பாவின் கேள்வி. படகு, இன்ஜின், வலை எல்லாம் சேர்த்து ஒரு டன் என்று வைத்தால், உலர்ந்த மணலில் அதை இழுக்க அரை டன் விசையாவது வேண்டும். அந்த விசைக்குப் பிடிமானம் கிடைக்க வண்டியே ஒரு டன்னுக்கு மேல் இருக்க வேண்டும். அதாவது படகு கனமே உள்ள வண்டி! 8 கிலோ பொம்மை எந்த மூலைக்கு?

ஆனால் பையன் தன் நோட்டைத் திருப்பிப் பார்த்தால் விடை அதிலேயே இருக்கிறது. வண்டியை நிறுத்தியது எது? ஆழத்துக்கு நான்கு மடங்காக ஏறுகிற அந்த மணல் எதிர்ப்பு. அதையே நம் பக்கம் திருப்பிக்கொண்டால்? ஒரு மீட்டர் அகலமுள்ள கெட்டியான பலகையை மணலில் அரை மீட்டர் ஆழத்துக்கு நிமிர்த்திப் புதைத்தால், அதே கணக்குப்படி அது சுமார் 600 கிலோ இழுப்பைத் தாங்கும். 70 செ.மீ. புதைத்தால் ஒரு டன்னுக்கு மேல். பனஞ்சட்டங்களை இணைத்தாலே பலகை தயார். அதில் கையால் சுற்றும் வின்ச் ஒன்றை மாட்டிப் படகை இழுக்கலாம். இன்ஜின் வேண்டாம், பட்டை வேண்டாம். எடையைக் கரையே கொடுக்கிறது.

சில விவரங்களில் கவனம் வேண்டும். கயிற்றைப் பலகையின் மேல் முனையில் கட்டினால் பலகை சாய்ந்து பிடுங்கிக்கொள்ளும். கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் கட்டி, கயிறு மேலே வர மணலில் சரிவாக ஒரு வாய்க்கால் விட வேண்டும். கணக்கில் வந்ததில் பாதியைத்தான் நம்பலாம், அதனால் 70 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கயிறு இறுகி நிற்கும்போது அதன் நேர்கோட்டில் யாரும், முக்கியமாகக் குழந்தைகள், நிற்கக் கூடாது. அறுந்தால் கயிறு சாட்டையாகத் திரும்பும்.

பலகையைப் புதைக்கக் குழி தோண்ட வேண்டுமே, அதற்கு அந்தக் குட்டி புல்டோசரை விடலாமா? விடலாம். அங்குலம் அங்குலமாகச் சீவி 70 செ.மீ. போவதற்குள் பேட்டரி இரண்டு மூன்று முறை சார்ஜ் கேட்கும். அதற்குள் அப்பா மண்வெட்டியை எடுத்து வேலையை முடித்திருப்பார். வாய்க்காலை மட்டும் பையனுக்கு விட்டுவைப்பார்.